வீட்டு சிமுலேட்டரில் ஓட்டியவர் நிஜ விமானத்தில் ஏறும் முன்

முதல் பாடத்தில், விமானம் ரன்வேக்குப் போய்ச் சேர்வதற்குள்ளாகவே என் 700 மணி நேர சிமுலேட்டர் (கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு) அனுபவம் காலி. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் உள்ள ரீட்-ஹில்வியூ விமான நிலையம், செஸ்னா 172 என்ற சின்ன விமானம். இன்ஸ்ட்ரக்டர் அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி. எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் "டாக்ஸி பண்ணு", அதாவது தரையில் ஓட்டிப் போ என்று என்னிடம் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். மஞ்சள் கோடு இடது பக்கம் வளைந்தது. காரைத் திருப்புவதுபோல யோக்கை, அதாவது விமானத்தின் ஸ்டியரிங்கை, இடது பக்கம் திருப்பினேன். விமானம் அது பாட்டுக்கு நேராகப் புல்லைப் பார்த்துப் போனது. இன்னும் திருப்பினேன். இறக்கை ஓரத்தில் எய்லரான் என்ற மடிப்பு மட்டும் ஏறி இறங்கியது.

தரையில் திருப்புவது கால் வேலை. வாலில் உள்ள மடிப்பை அசைக்கும் ரட்டர் பெடலை மிதித்தால் முன்சக்கரமும் திரும்பும். எனக்கு இது தெரியாமல் இல்லை, பரீட்சையில் கேட்டிருந்தால் படம் போட்டே எழுதியிருப்பேன். ஆனால் வீட்டில் பெடல் கிடையாது. ஜாய்ஸ்டிக்கை முறுக்கித்தான் திருப்பிப் பழக்கம். அந்த அம்மா பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டு, "சிமுலேட்டர் ஆளா?" என்று கேட்டார். சிரிக்கவில்லை. நிறையப் பேரைப் பார்த்திருப்பார் போல.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. இப்போது தனியார் பைலட் லைசென்ஸ் இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி அதற்குக் குறைந்தபட்சம் 40 மணி நேரம் பறக்க வேண்டும். எனக்கு 71 ஆனது. அதில் ஒரு ஐந்தாறு மணி நேரம், வீட்டில் பழகிக்கொண்ட கெட்ட பழக்கங்களைக் கழற்றுவதற்கே போயிருக்கும். விமானமும் இன்ஸ்ட்ரக்டரும் சேர்த்து மணிக்குக் கிட்டத்தட்ட 270 டாலர் கொடுத்தேன், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

திருச்சியில் பிளஸ் டூ படிக்கும் அக்கா மகன், லேப்டாப்பில் ஏ320 என்ற பெரிய பயணிகள் விமானத்தை இறக்கிவிட்டு அந்த வீடியோவை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புவான். "மாமா, பைலட்டுக்கு மயக்கம் வந்துட்டா நான் இறக்கிடுவேன்ல?" என்று கூடவே ஒரு கேள்வி. 2022 மே 10 அன்று ஃப்ளோரிடாவில் நிஜமாகவே அப்படி நடந்தது. பஹாமாஸிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு செஸ்னா கேரவனில் பைலட் சுயநினைவு இழந்துவிட, ஓட்டத் தெரியாத ஒரு பயணி ரேடியோவில் உதவி கேட்டார். விமானப் பயிற்சியும் கொடுக்கக்கூடிய ஒரு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் படிப்படியாகச் சொல்லச் சொல்ல, பாம் பீச் சர்வதேச விமான நிலையத்தில் பத்திரமாக இறக்கிவிட்டார். பகல் வெளிச்சம், பெரிய ரன்வே, காதில் பதறாத ஒரு குரல். அந்த மூன்றும் கிடைத்தால் நீயும் இறக்கலாம்டா என்றேன். ஆனால் அவன் பைலட்டாகவே ஆசைப்படுகிறான். அதற்கு வேறு பதில் வேண்டும். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

சாமான் வாங்கும் முன்

இந்தியாவில் கமர்ஷியல் லைசென்ஸ் எடுக்கும் எண்ணம் இருந்தால், முதல் செலவு மெடிக்கலாக இருக்கட்டும். விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் போய்க் கண், காது, நிறப்பார்வை எல்லாம் தேறுமா என்று பார்த்துவிடுங்கள். கேமிங் கம்ப்யூட்டருக்கு லட்ச ரூபாய் போட்ட பிறகு நிறக்குறைபாடு தெரியவந்தால் வீட்டில் யார் முகத்தில் முழிப்பது?

அடுத்து, ஒரே ஒரு சாமான்தான் வாங்க முடியும் என்றால் ரட்டர் பெடல் வாங்குங்கள். யோக் அப்புறம். தலை திரும்பும் பக்கம் காட்சியும் திரும்புகிற ஹெட் டிராக்கிங் அதற்கும் அப்புறம். பெரிய திரை கடைசி. எல்லோரும் இதைத் தலைகீழாக வாங்குகிறார்கள், நான் உட்பட.

பெடலுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், ஒற்றை எஞ்சின் விமானம் முழு பவரில் ஓடும்போது மூக்கு இடது பக்கம் இழுக்கும். புரொப்பல்லர் வலப்பக்கம் சுழல்வதால் உடல் இடப்பக்கம் முறுக்கப் பார்க்கும். அது கிளப்பும் காற்று உடலைச் சுற்றி வந்து வாலின் இடது பக்கத்தில் மோதும். மூக்கைத் தூக்கி ஏறும்போது, வலப்பக்கம் கீழிறங்கும் இலை கூடுதலாக இழுக்கும். எல்லாம் சேர்ந்து இடது பக்கம் தள்ள, வலது பெடலை மிதித்தபடியேதான் டேக்ஆஃப் ஆக வேண்டும். "வலது கால்!" என்று அந்த அம்மா முதல் பத்து பாடங்களில் எத்தனை தடவை கத்தியிருப்பார் என்று எனக்கே தெரியாது. சிமுலேட்டரில் "ஆட்டோ ரட்டர்" என்று ஒரு வசதி இதையெல்லாம் சத்தமில்லாமல் நமக்காகச் செய்துவிடுகிறது.

பெடல் தரையில் வழுக்கும். பழைய யோகா பாயை விரித்து, பின்பக்கம் சுவரோடு முட்டுக்கொடுத்தேன். அதற்கென்று ஸ்டாண்டு விற்கிறார்கள், தேவையில்லை.

அப்புறம் அமைப்புகளுக்குள் போய் ஆட்டோ ரட்டர், ஆட்டோ ட்ரிம், லேண்டிங் உதவி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வெளியிலிருந்து விமானத்தைப் பார்க்கும் காட்சிக்கு உள்ள பட்டனை நீக்கியே விடுங்கள். பயிற்சிப் பள்ளியில் எந்த விமானமோ அதே விமானத்தை எடுங்கள். டயல் மீட்டர் உள்ளதா, எல்லா மீட்டரையும் கம்ப்யூட்டர் திரையில் காட்டும் ஜி1000 உள்ளதா என்பதுவரை பொருந்தட்டும். ஏ320-ஐ ஒரு வருடத்துக்கு மறந்துவிடச் சொன்னேன். அக்கா மகன் அதற்குமேல் இரண்டு நாள் மெசேஜ் போடவில்லை.

கண் எங்கே இருக்க வேண்டும்

சிமுலேட்டர் ஆட்களைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம், மீட்டரையே வெறித்துக்கொண்டிருப்பார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. திரையில் வெளியுலகம் ஒரு சின்னச் சதுரம், பக்கவாட்டுப் பார்வை கிடையாது, உடம்புக்கு எதுவும் தெரியாது. உயரம் குறைகிறதா, வேகம் கூடுகிறதா என்பதை மீட்டரில்தான் பார்த்தாக வேண்டும். நிஜ விமானத்தில், நல்ல வானிலையில், கண் பெரும்பாலும் வெளியே இருக்க வேண்டும். மற்ற விமானங்களைப் பார்த்து விலகுவது உங்கள் பொறுப்பு. மூக்குக்கும் தொடுவானத்துக்கும் உள்ள இடைவெளியே வேகத்தைச் சொல்லிவிடும்.

நான்காவது பாடத்தில் அந்த அம்மா ஜி1000 திரையின் வெளிச்சத்தை முழுசாகக் குறைத்துவிட்டார். இருட்டு. "இப்போ ஓட்டு" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து வெளிச்சத்தைக் கூட்டினால் உயரம் 40 அடிதான் மாறியிருந்தது. மீட்டரைத் துரத்திக்கொண்டிருந்தபோது 200 அடி மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தவன் நான்.

இதை வீட்டிலேயே பழகலாம். காலை உணவு அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி, திரையின் கீழ்ப்பாதியை மறைத்து டேப் போட்டு ஒட்டுங்கள். தொடுவானத்தையும் எஞ்சின் சத்தத்தையும் மட்டும் வைத்து நேராகப் பறங்கள், திரும்புங்கள், ஏறுங்கள். நிமிடத்துக்கு ஒரு தடவை அட்டையைத் தூக்கிச் சரிபார்க்கலாம். முதல் பாடத்துக்கு முன் இதைப் பத்து மணி நேரம் செய்திருந்தால் எனக்கு ஆயிரம் டாலராவது மிச்சமாகியிருக்கும்.

ட்ரிம் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு யோக்கில் இருப்பது ஸ்பிரிங், எந்த வேகத்திலும் ஒரே இறுக்கம். நிஜ யோக்கில் காற்றின் பாரம் கையில் தெரியும். வேகம் கூடினால் கனக்கும், குறைந்தால் தொளதொளக்கும். ட்ரிம் சக்கரம் அந்தப் பாரத்தை இறக்கிவைப்பதற்கானது. மூக்கைக் கையால் சரியான இடத்தில் பிடித்துக்கொண்டு, கையில் பாரம் போகும்வரை சக்கரத்தை உருட்ட வேண்டும். சிமுலேட்டர்காரன் சக்கரத்தை உருட்டியே மூக்கைத் தூக்குவான். வீட்டில் இதைத் திருத்த வழி கிடையாது, ஆகவே நேரத்தை வீணாக்க வேண்டாம்.

லேண்டிங்கை வீட்டில் பழகாதீர்கள்

இதைச் சொன்னால் எல்லோருக்கும் கோபம் வருகிறது, லேண்டிங்தானே விளையாட்டிலேயே சுவாரசியம்! பாதிவரை பழகலாம். ரன்வேக்கு இணையாக 1,000 அடியில் வருவது, ரன்வே தொடக்கத்துக்கு நேராக வந்ததும் பவரை 1,500 ஆர்பிஎம்முக்குக் குறைப்பது, ஃப்ளேப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் மடிப்பு) 10 டிகிரி, திரும்புவது, அடுத்த ஃப்ளேப், கடைசி நேர்கோட்டில் 65 நாட் வேகம். இந்த வரிசை விரலுக்குப் பழகும்வரை செய்யுங்கள். எனக்கு இது நிஜமாகவே உதவியது.

கடைசி 20 அடியில்தான் வம்பு. அங்கே இறங்குவதை நிறுத்தி, விமானத்தை ரன்வேக்கு மேலே மிதக்கவிட்டு, மூக்கை மெல்ல மெல்லத் தூக்கி, வேகம் செத்துப் பின்சக்கரம் தொடும்படி விட வேண்டும். எத்தனை அடியில் இருக்கிறோம் என்பதைக் கண் ஓரத்தில் ரன்வேயின் இரண்டு விளிம்பும் அகலமாகி மேலே எழும்பி வருவதை வைத்துத்தான் உணர முடியும். பார்வை ரன்வேயின் மறுகோடியில் இருக்க வேண்டும். தட்டையான திரையில் அந்த ஓரப்பார்வை கிடையாது. அதனால் வீட்டில் நாம் மீட்டரையோ, சக்கரத்துக்கு முன்னால் உள்ள தரையையோ பார்த்து ஒரு குத்துமதிப்பில் தூக்குகிறோம். அந்தக் குத்துமதிப்பு கையில் ஊறிவிட்டால் கழற்றுவது கஷ்டம்.

என் முதல் பத்து லேண்டிங்கில் ஏழு, தரையை நேராகப் போய் முட்டி எகிறியவை. ரீட்-ஹில்வியூ ரன்வே 3,100 அடிதான். எகிறினால் முழு பவர் கொடுத்துத் திரும்ப ஏறிவிட வேண்டும். வேகமாகக் குறுக்கே அடிக்கும் காற்றில் ஒரு இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப் பெடலை மிதித்து, ஒற்றைச் சக்கரத்தில் இறங்குவதெல்லாம் உட்கார்ந்த இடத்தில் உடம்பு சறுக்குவதை வைத்துத்தான் பிடிபட்டது. என் வீட்டு நாற்காலி சறுக்குவதில்லை.

வாய்க்குப் பயிற்சி

சிமுலேட்டர் எனக்கு வட்டியோடு திருப்பிக் கொடுத்த இடம் ரேடியோ. விளையாட்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டாளரைச் சொல்லவில்லை. அங்கே பட்டனைத் தட்டினால் அதுவே பேசிக்கொள்ளும், அதில் ஒரு பயனும் இல்லை. வாட்சிம் என்று ஒரு இலவச வலையமைப்பு உண்டு. உலகம் முழுக்க ஆர்வலர்கள் கட்டுப்பாட்டாளராகவும் பைலட்டாகவும் உட்கார்ந்து, நிஜ விதிகளின்படி மைக்கில் பேசுவார்கள். முதல் தடவை பேசும்போது எனக்குக் குரலே வரவில்லை. இரவு பதினொரு மணிக்கு, பெட்ரூமில் தூங்கும் பிள்ளைகள் எழுந்துவிடாமல் கராஜில் உட்கார்ந்து கிசுகிசுத்தேன்.

யாரைக் கூப்பிடுகிறேன், நான் யார், எங்கே இருக்கிறேன், என்ன வேண்டும். இந்த நான்கும் இதே வரிசையில், ஒரே மூச்சில் வர வேண்டும். பதிலைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நம் ஊர் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசுகிறவர்களுக்கு நான் சொல்வது, பாதி வேகத்தில் பேசுங்கள். ரீட்-ஹில்வியூவில் சனிக்கிழமை காலையில் ஒரே சுற்றுப்பாதையில் ஐந்தாறு பயிற்சி விமானங்கள் இருக்கும். டவர் மூச்சு விடாமல் பேசும். ரேடியோவில் நான் திணறாததால் அந்த அம்மா முதல்முறையாக, "இது எங்கே கத்துக்கிட்டே?" என்று கேட்டார்.

இதோடு சேர்த்து எண்களையும் வாயில் போட்டுக்கொள்ளுங்கள். 172எஸ் மாடலில் 55 நாட்டில் மூக்கைத் தூக்குவது, 74-இல் ஏறுவது, எஞ்சின் நின்றால் 68-இல் சறுக்குவது. பறக்கும் முன் எஞ்சினைச் சோதிக்கும் ரன்-அப்பில் 1,800 ஆர்பிஎம், எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் இரண்டு மேக்னெட்டோவில் ஒன்றுக்கு மட்டும் மாற்றும்போது சரிவு 150-க்கு மேல் போகக் கூடாது. உங்கள் விமானத்துக்கு வேறு எண்கள் இருக்கும், அதன் கையேட்டைப் பாருங்கள். செக்லிஸ்டை அச்செடுத்து மடியில் வைத்து, ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டிப் படியுங்கள். சிமுலேட்டரில் ஒரே பட்டனில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் வசதி இருக்கிறது. அதைத் தொடாதீர்கள்.

எஞ்சின் நிற்பதையும் பழகுங்கள். டேக்ஆஃப் ஆகி 400 அடியில் பவரை இழுத்துவிட்டு, திரும்பி அதே ரன்வேயில் இறங்கப் பாருங்கள். நான் பத்து தடவை முயன்றேன். எட்டு தடவை செத்தேன். திரும்பாமல் நேரே தெரியும் இடத்தில் இறக்கு என்று பாடத்தில் ஏன் அடித்துச் சொல்கிறார்கள் என்று அன்றைக்கு ராத்திரி புரிந்தது. இதை நிஜத்தில் யாரும் பத்து தடவை செய்து பார்க்க முடியாது.

வழியை முன்கூட்டியே பறந்து பார்ப்பது

லைசென்ஸுக்கு முன் தனியாக 150 கடல் மைல் பயணம் ஒன்று போய் வர வேண்டும், மூன்று இடங்களில் இறங்கி. நான் பாசோ ரோபிள்ஸ், சலினாஸ் வழியாகப் போனேன். முந்தின வாரம் முழுக்க அதே வழியை வீட்டில் பறந்தேன். 101 நெடுஞ்சாலை, கிங் சிட்டி, சான் ஆர்டோ எண்ணெய் வயல், எல்லாம் செயற்கைக்கோள் படத்தில் இருப்பதால் நிஜத்தில் பார்த்தபோது ஏற்கெனவே வந்த ஊர் போல இருந்தது. வழி தவறும் பயம் துளிகூட இல்லை.

திரும்பும்போது பிற்பகல். சலினாஸ் பள்ளத்தாக்கில் கடற்காற்று உள்ளே புகுந்துவிட்டது. தலை கூரையில் இடித்தது. வரைபடம் சீட்டுக்கு அடியில் போய்விட்டது. சட்டைப்பையில் இருந்த இஞ்சி மிட்டாயை எடுக்கக் கையை யோக்கிலிருந்து எடுக்கத் தைரியம் வரவில்லை. வீட்டிலும் நிஜ வானிலையைப் போட்டுத்தான் பறந்தேன், திரையில் கொஞ்சம் ஆடியது, அவ்வளவுதான். அன்றைக்கு நான் வழியைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடிந்தது, காற்றை மட்டும் பார்த்துக்கொள்ள முடிந்தது. அந்த அளவில் சிமுலேட்டருக்கு நன்றி.

மேகத்துக்குள்

இப்போது இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் படிக்கிறேன். மேகத்துக்குள், வெளியே எதுவும் தெரியாமல், மீட்டரை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான தகுதி. இங்கேதான் சிமுலேட்டரின் கெட்ட பழக்கம் நல்ல பழக்கமாக மாறுகிறது. மீட்டரை வெறிக்கும் கண் இப்போது வேண்டும்.

வரலாற்றைப் பார்த்தால் சிமுலேட்டர் புகழ்பெற்றதே இதற்காகத்தான். நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டனில் ஆர்கன் வாத்தியங்கள் செய்யும் குடும்பத்தில் வளர்ந்த எட்வின் லிங்க், வாத்தியத்தின் துருத்திகளை வைத்தே 1929-இல் ஒரு பயிற்சி யந்திரத்தைச் செய்தார். முதலில் அதிகம் விற்றது பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குத்தான். 1934 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவம் விமானத் தபாலைப் பொறுப்பேற்க, மோசமான வானிலையில் பறக்கப் பழகாத பைலட்டுகள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம் 6 லிங்க் யந்திரங்களை வாங்கியது.

விளையாட்டைப் பாதியில் நிறுத்திவைக்கும் பாஸ் பட்டனைத் தொடாதே என்று அக்கா மகனிடம் சொல்லியிருந்தேன். இங்கே தாராளமாகத் தொடலாம். அப்ரோச், அதாவது ரன்வேயை நோக்கி இறங்கி வரும் பாதை, அதன் வரைபடத்தில் குழம்பினால் அப்படியே நிறுத்திவைத்து, எங்கே இருக்கிறோம் என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். ஒரே அப்ரோச்சை மாலையில் ஆறு தடவை ஓட்டலாம். விமானத்தில் அதற்கு மூன்று மணி நேரம் ஆகும். ஒன்று மட்டும் வீட்டில் வராது. மேகத்துக்குள் நேராகப் பறக்கும்போதே, திரும்புகிறோம் என்று உள்காது சத்தியம் செய்யும். மீட்டர் நேராக இருக்கிறது என்று காட்டும். உடம்பு சாய்ந்துகொண்டே போகும். எனக்கு அது நடந்தபோது கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தபடி பத்து நிமிடம் ஓட்டியிருக்கிறேன்.

மணிக்கணக்கில் சேருமா

வீட்டு விளையாட்டு சேராது. அமெரிக்காவில் விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் எஃப்ஏஏ அங்கீகரித்த பயிற்சிக் கருவியில், இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருந்தால், தனியார் லைசென்ஸுக்கு 2.5 மணி நேரம் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கின் 40 மணி நேரத்தில், கருவியின் தரத்தைப் பொறுத்து 10 அல்லது 20. இந்த வித்தியாசமே எதற்கு எது உதவும் என்று சொல்லிவிடுகிறது. இந்தியாவில் கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். லேப்டாப் நேரம் அதில் ஒரு நிமிடம்கூடச் சேராது. விமான நிறுவனங்களின் பெரிய சிமுலேட்டரில் முழுப் பயிற்சியும் முடித்து, நிஜ விமானத்தில் முதல் பறத்தலே பயணிகளோடு என்று நடப்பது உண்மைதான். ஆனால் அதில் உட்காருபவர் ஏற்கெனவே வேறு விமானங்களில் பறந்து பழகியவர். அசையும் அறை, சுற்றி வளைந்த திரை, கையில் பாரம் தெரியும் கட்டுப்பாடுகள் எல்லாம் அந்த யந்திரத்தில் இருக்கும்.

முதல் பாடத்துக்குப் போகும்போது இன்ஸ்ட்ரக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், நான் சிமுலேட்டர் ஆள் என்று. எத்தனை மணி நேரம் என்று சொல்ல வேண்டாம், அது பெருமையாகத்தான் கேட்கும். அரை மணி நேரம் முன்னாலேயே போய், விமானத்தைச் சுற்றிவந்து சோதிப்பதைப் பாருங்கள். 172எஸ் மாடலில் எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று 13 இடங்களில் வடித்துப் பார்க்க வேண்டும். அதை எந்த விளையாட்டிலும் நான் செய்ததில்லை. கையில் பெட்ரோல் வாடை அன்றைக்கு முழுக்கப் போகவில்லை.

மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ போட்டுப் போங்கள், செருப்பு வேண்டாம். பெடலின் மேல்பாதி பிரேக், கீழ்பாதி ரட்டர். நான் போட்டுப் போன தடித்த ஸ்போர்ட்ஸ் ஷூவில் இரண்டும் சேர்ந்தே மிதிபட்டது. குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தால் கீழ்ப்பாதியை மட்டும் தள்ளுங்கள். மஞ்சள் கோடு வளைந்தால் யோக்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.